தனியாகப் பறந்த குண்டுவீச்சு விமானம்: ஆர்தர் ஸ்கார்ஃப்

படிவம் நான்கு வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியப் படையெடுப்பைப் படித்த மாணவர்களுக்கு இரண்டு தேதிகள் மனப்பாடம். 1941 டிசம்பர் 8, கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கிய நாள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்த நாள். நடுவில் கிடக்கும் எழுபது நாட்களை நாம் சைக்கிள் படை, உடைந்த பாலங்கள், பின்வாங்கிய பிரிட்டிஷ் ராணுவம் என்று சில வரிகளில் தாண்டிவிடுகிறோம். அந்த எழுபது நாட்களில் இரண்டாவது நாளின் மாலைப்பொழுது ஒரு மனிதரின் பெயரால் நினைவில் நிற்கிறது. அவர்தான் ஆர்தர் ஸ்டூவர்ட் கிங் ஸ்கார்ஃப்.

பிரிட்டனின் ஆக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையை, மலாயாப் போரில் விமானப்படை சார்பில் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் புறப்பட்டது பட்டர்வொர்த்திலிருந்து. இறங்கியது அலோர் ஸ்டார் வயல்வெளியில். அடக்கம் செய்யப்பட்டிருப்பது தைப்பிங்கில். மூன்றும் நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்கள்.

அந்த மாலை அவர் எடுத்த முடிவுக்குச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். அதைச் செயல்படுத்தும் திறமை மட்டும் ஒரே நாளில் வந்ததல்ல. அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் பயிற்சி இருந்தது.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விமானப்படைக்கு

ஸ்கார்ஃப் 1913 ஜூன் 14-ஆம் நாள் லண்டனை அடுத்த விம்பிள்டனில் பிறந்தார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் படித்தார். படிப்பில் முதல் வரிசையில் நின்றவர் அல்லர். கடற்படையில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் காப்பீட்டுத் துறையில் அலுவலக வேலைக்குப் போனார். நாள் முழுக்க மேசையும் கோப்புமாக இருந்த அந்த வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. 1936-இல் விமானப்படையில் சேர்ந்தார். தேர்வு முடிவைப் பார்த்துத் தங்கள் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

அப்போது ஜெர்மனி தன் விமானப்படையை வேகமாகப் பெருக்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனும் விழித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான இளைஞர்களை விமானிகளாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியிருந்தது. அப்படி வந்த அலையில் ஒருவர்தான் ஸ்கார்ஃப். முதலில் ஒன்பதாவது படைப்பிரிவில் ஹேஃபோர்ட் என்னும் பழைய இரட்டை இறக்கை விமானத்தில் பறந்தார். பிறகு 1937-இல் புதிதாக உருவான 62-ஆவது படைப்பிரிவுக்கு மாறினார். கடைசி நாள்வரை அதுவே அவருடைய பிரிவு.

புதிய விமானம், புதிய பாடம்

62-ஆவது பிரிவும் தொடக்கத்தில் இரட்டை இறக்கை விமானங்களைத்தான் வைத்திருந்தது. 1938-இல் பிளென்ஹெய்ம் வந்தது. இரண்டு இயந்திரங்கள், முழுவதும் உலோக உடல், பறக்கத் தொடங்கியதும் உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள் என்று அது அந்தக் காலத்து அதிசயம். வெளிவந்தபோது பிரிட்டனின் சண்டை விமானங்களைவிடவே வேகமாகப் பறந்தது.

ஆனால் விமானிகளுக்கு அது எளிதான வண்டி அல்ல. சக்கரத்தை ஏற்ற ஒரு பிடி, இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தட்டுகளுக்கு இன்னொரு பிடி, உந்துவிசிறியின் கோணத்தை மாற்றும் பிடியோ விமானியின் முதுகுக்குப் பின்னால். பார்க்காமலே கையை விட்டுத் துழாவிச் சரியான பிடியைப் பிடிக்க வேண்டும். மேலேறும்போது இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றுபோனால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தரையை நோக்கிப் பாயும். போர் தொடங்குவதற்கு முன்பே, வெறும் பயிற்சியில் உயிரிழந்தவர்கள் குண்டுவீச்சுப் பிரிவுகளில் பலர். அதனால்தான் ஒரே செயலை நூறு தடவை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். யோசிக்க நேரமில்லாத வேளையில் கை தானாக வேலை செய்ய வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் நோக்கம்.

மூன்று பேர் ஒரு குழு

பிளென்ஹெய்மில் மூன்று பேர் பறந்தார்கள். விமானி ஓட்டுவார். அவர் பக்கத்தில் இருப்பவர் வழிகாட்டி; வரைபடம், திசைகாட்டி, கடிகாரம் மூன்றையும் வைத்துக்கொண்டு இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார்; இலக்கை நெருங்கியதும் முன்பக்கம் நகர்ந்து குண்டைக் குறிபார்த்து விடுவார். மூன்றாமவர் முதுகுப்புறக் கண்ணாடிக் கூண்டில் தனியே உட்கார்ந்து வானொலியையும் இயந்திரத் துப்பாக்கியையும் கவனிப்பார்.

மூவருக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு. வழிகாட்டி, காற்று விமானத்தை எவ்வளவு ஒதுக்கித் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுப் பழகுவார். இன்றைய செயற்கைக்கோள் வழிகாட்டி எதுவும் அன்று இல்லை, பென்சிலும் கணிதமும்தான். துப்பாக்கி வீரர், வேறொரு விமானம் கயிற்றில் கட்டி இழுத்து வரும் துணியைச் சுட்டுப் பழகுவார். குறிபார்ப்பவர் புகை கக்கும் சிறிய பயிற்சிக் குண்டுகளை வீசி, விழுந்த இடம் இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்து பார்ப்பார்.

பிறகு மூவரையும் ஒன்றாகப் பழக்குவார்கள். ஒருவர் கணக்குத் தவறினால் மூவரும் காட்டில் விழுவார்கள். ஒருவர் கண்ணசந்தால் மூவரும் சுடப்படுவார்கள். கடைசியாக, பல விமானங்கள் சேர்ந்து அணிவகுத்துப் பறக்கும் பயிற்சி. குண்டுவீச்சு விமானத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு குறைவு. பக்கத்தில் பறக்கும் விமானங்களின் துப்பாக்கிகளும் சேர்ந்தால்தான் எதிரியை விலக்கி வைக்க முடியும். அணியை விட்டுப் பிரியக்கூடாது என்பது அவர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலாயா வானம்

1939 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் வெடிக்கச் சில நாட்களே இருந்தபோது, 62-ஆவது பிரிவு சிங்கப்பூரின் தெங்கா தளத்துக்கு அனுப்பப்பட்டது. 1941-இல் கெடாவின் அலோர் ஸ்டாருக்கு மாறியது. சயாம் எல்லைக்கு அருகில் இருந்த விமானத் தளம் அது.

இங்கே பயிற்சி வேறு வகையாக இருந்தது. இங்கிலாந்தில் கீழே பார்த்தால் சாலை, தேவாலயக் கோபுரம், ஊர் என்று அடையாளங்கள் கிடைக்கும். இங்கே மணிக்கணக்கில் பறந்தாலும் ஒரே பச்சை. ரயில் தண்டவாளம், ஆற்று வளைவு, கடற்கரை ஆகியவையே வழித்துணை. பிற்பகலில் மலைத்தொடர் மீது எழும் இடிமேகத்துக்குள் நுழைந்துவிட்டால் விமானம் வெளியே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மழைக்காலத்தில் புல் ஓடுதளம் சேறாகிவிடும்.

தரையில் இருந்தவர்களின் வேலையும் குறைந்ததல்ல. இயந்திரத்தைப் பார்ப்பவர், உடலையும் இறக்கையையும் பார்ப்பவர், துப்பாக்கியையும் குண்டையும் பார்ப்பவர் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஆட்கள் உண்டு. வெயிலில் உலோகம் கைவைக்க முடியாதபடி சுடும். ஈரத்தில் எல்லாம் துருப்பிடிக்கும். தினமும் சோதித்து அவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அதைப் பார்த்து விமானியும் கையெழுத்திட்ட பிறகே விமானம் புறப்படும். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் மூன்று உயிர்கள் மேலே போயின.

அலோர் ஸ்டாரில் ஸ்கார்ஃபின் சொந்த வாழ்க்கையும் அமைந்தது. செவிலியராகப் பணியாற்றிய எலிசபெத் என்பவரை 1941-இல் மணந்தார். சாலி என்று எல்லாரும் அழைத்த அவர் அலோர் ஸ்டார் மருத்துவமனையில் வேலை செய்தார். தளத்தில் கணவர், மருத்துவமனையில் மனைவி என்று சில மாதங்கள் போயின.

காகிதத்தில் இருந்த விமானங்கள்

இந்த இடத்தில் ஓர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்கத் தரைப்படையைவிட விமானப்படையையே நம்புவது என்று பிரிட்டன் முடிவு செய்திருந்தது. அதற்கு 336 விமானங்கள் தேவை என்று லண்டனில் இருந்த தலைமைத் தளபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இங்கிருந்த தளபதிகளோ 500-க்கும் மேல் கேட்டார்கள். போர் தொடங்கிய நாளில் முன்வரிசையில் இருந்தவை 158 மட்டுமே. அவற்றிலும் ஒரு பகுதி, துணி போர்த்திய பழைய இரட்டை இறக்கை விமானங்கள்.

ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கிலும் போர் நடந்ததால் நல்ல விமானங்கள் அங்கே போயின. ஜப்பானியர் வரமாட்டார்கள், வந்தாலும் சமாளிக்கலாம் என்ற அலட்சியமும் இருந்தது. விமானப்படையை நம்பிக் காட்டோரங்களில் தளங்களைக் கட்டினார்கள். அந்தத் தளங்களைக் காக்கப் போதிய சண்டை விமானங்களும் இல்லை, பீரங்கிகளும் இல்லை. பயிற்சி பெற்ற மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய கருவி இல்லை.

டிசம்பர் 8

1941 டிசம்பர் 8, நள்ளிரவு கழிந்ததும் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அவர்களுடைய முதன்மைப் படை தென்சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கியது. சிங்கோரா இன்று சொங்க்லா என்று அழைக்கப்படும் ஊர்.

62-ஆவது பிரிவின் பிளென்ஹெய்ம்கள் காலையிலேயே எதிரியைத் தேடிப் பறந்தன. குண்டுவீசிவிட்டு அலோர் ஸ்டாருக்குத் திரும்பி, எரிபொருளும் குண்டும் நிரப்பத் தரையில் வரிசையாக நின்ற நேரத்தில், ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாக வந்தன. தரையில் நிற்கும் விமானத்தால் தப்பிக்கவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. சில நிமிடங்களில் பிரிவின் பெரும்பாலான விமானங்கள் எரிந்தன அல்லது பறக்க முடியாதபடி சேதமடைந்தன. மிஞ்சியவை தெற்கே பட்டர்வொர்த்துக்குப் போயின.

வடக்கு மலாயா முழுவதும் அன்று இதே கதைதான். ஒரே பகலில் வட மலாயா விமானப்படையின் முதுகெலும்பு முறிந்தது.

டிசம்பர் 9

மறுநாள், சிங்கோராவில் ஜப்பானியர் பிடித்துக்கொண்ட விமானத் தளத்தைத் தாக்கும்படி உத்தரவு வந்தது. முதலில் வேறொரு பிரிவின் ஆறு பிளென்ஹெய்ம்கள் போயின. அவற்றில் பாதி திரும்பவில்லை. மாலையில் இரண்டாவது தாக்குதலுக்கு, பட்டர்வொர்த்தில் பறக்கக்கூடிய எல்லா விமானங்களும் தயாராயின. தலைமை ஏற்றவர் ஸ்கார்ஃப். அவருடன் ஜார்ஜ் மன்னரின் படையில் சார்ஜண்ட்களாக இருந்த இருவர்: வழிகாட்டி கால்டர், துப்பாக்கி வீரர் ரிச்.

தலைவரின் விமானம் என்பதால் ஸ்கார்ஃபினுடையது முதலில் மேலெழுந்தது. மற்றவை வந்து அணியில் சேருவதற்காக அவர் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜப்பானிய விமானங்கள் பட்டர்வொர்த்தைத் தாக்கின. புறப்படத் தயாராக நின்ற விமானங்கள் எல்லாம் எரிந்தன அல்லது முடங்கின. மேலே இருந்தது ஸ்கார்ஃபின் விமானம் மட்டுமே.

அவர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அணியாகப் போக வேண்டிய தாக்குதல் அது. அணியே இல்லாமல் போய்விட்டது. படித்த பாடமும் திரும்பு என்றுதான் சொல்லும். ஸ்கார்ஃப் வடக்கே திரும்பினார்.

ஒரு விமானத்தின் குண்டுகளால் சிங்கோராவில் எந்தப் பெரிய மாற்றமும் வராது என்பதை அவர் அறிந்தே போனார் என்று விருது அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது. தங்கள் விமானங்கள் எரிவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோழர்களின் மனம் உடைந்துவிடக்கூடாது என்பதையும் அவர் எண்ணியதாக அது கூறுகிறது. கூடவே சென்ற இருவரும் தங்கள் வேலையை விட்டுவிடவில்லை என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது.

பட்டர்வொர்த்திலிருந்து சிங்கோரா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சண்டை விமானங்களின் தாக்குதலுக்கு நடுவே அவர்கள் இலக்கை அடைந்து குண்டுகளை வீசினார்கள். திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் கூட்டமாகத் துரத்தின. மரங்களின் உச்சியை ஒட்டித் தாழ்வாகப் பறந்து, வளைந்து நெளிந்து ஸ்கார்ஃப் தப்பிக்கப் பார்த்தார். பின்கூண்டிலிருந்து ரிச் சுட்டுக்கொண்டே இருந்தார். தோட்டாக்கள் உடலைத் துளைத்து உள்ளே வந்தன. ஸ்கார்ஃபின் இடது கை சிதைந்தது. முதுகில் பெரிய காயம்.

அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தோழர்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒற்றைக் கையால் அவர் ஓட்டினார். நினைவு வந்து வந்து போனது. மலாயா எல்லையை நெருங்கியதும் எதிரி விமானங்கள் துரத்துவதை விட்டன. பட்டர்வொர்த் வரை போகத் தன்னால் இயலாது என்று தெரிந்த ஸ்கார்ஃப், பழகிய அலோர் ஸ்டாரை நோக்கித் திரும்பினார். சக்கரங்களை இறக்காமல், விமானத்தின் வயிற்றால் வயலில் வழுக்கி இறங்கினார். இப்படி இறங்குவது முழு உடல்நலத்துடன் இருப்பவருக்கே ஆபத்தான வேலை. கால்டருக்கும் ரிச்சுக்கும் ஒரு காயமும் இல்லை.

மருத்துவமனையில் சாலி இருந்தார். கணவருக்கு ஏற்றுவதற்குத் தன் இரத்தத்தையே கொடுத்தார். ஆனாலும் ஸ்கார்ஃப் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 28.

ஐந்தாண்டு மௌனம்

மறுநாள், டிசம்பர் 10, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்களைக் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. சில நாட்களில் ஜித்ரா வீழ்ந்தது. அலோர் ஸ்டார் கைமாறியது. பிரிட்டிஷார் கட்டிய ஓடுதளங்களையே ஜப்பானிய விமானங்கள் பயன்படுத்திக்கொண்டன.

அந்த விமானப்படையின் இழப்பு நம் பொந்தியான் வரை எதிரொலித்தது. 1942 ஜனவரி இறுதியில் பத்து பஹாட்டிலிருந்து பெனுட் நோக்கிப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர், ரெங்கிட் அருகே சாலை அடைபட்டதால் வழியின்றித் தவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கடலோரச் சதுப்பில் பதுங்கியிருந்து இரவு நேரங்களில் கப்பலேறினார்கள். அவர்களுக்கு மேலே வானம் எதிரியுடையதாக இருந்தது. வானத்தை இழந்தவன் நிலத்தையும் காக்க முடியாது என்பதை அந்தக் கடற்கரைச் சாலை காட்டியது.

இந்தக் குழப்பத்தில் ஸ்கார்ஃபின் செயல் பதிவாகாமலே போனது. படைப்பிரிவுகள் கலைந்தன; ஆவணங்கள் தொலைந்தன; பார்த்தவர்களில் பலர் சிறைப்பட்டார்கள். போர் முடிந்து, உயிர் மீண்டவர்கள் சொல்லித்தான் நடந்தது தெரியவந்தது. 1946 ஜூன் 21-இல் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பக்கிங்ஹாம் அரண்மனையில் சாலி அதைப் பெற்றுக்கொண்டார். 2022-இல் அந்தப் பதக்கம் ஏலத்துக்கு வந்தது. வெளிநாட்டுக்குப் போய்விடாமல் தடுத்து, 2023-இல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் அதை வாங்கியது.

நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

ஸ்கார்ஃப் பறந்தது காலனி ஆட்சிக்காக. அந்த ஆட்சியின் தோட்டங்களில்தான் நம் முன்னோர் நாற்காசுக் கூலிக்கு உழைத்தார்கள். ஆட்சி ஓடிப்போனபோது அவர்களைக் காக்க யாரும் இல்லை. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை, பதக்கமும் இல்லை. ஸ்கார்ஃபைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பயன் இல்லை என்று தெரிந்தும் மூன்று உயிர்களைப் பணயம் வைப்பது சரியா? கணக்குப் போட்டால் சரியில்லைதான். ஒரு பக்கம் அணையாத நெருப்பு, இன்னொரு பக்கம் ஒற்றை விமானம். இந்தக் கேள்வியை ஸ்கார்ஃபிடம் கேட்பதற்கு முன்னால், 336 தேவை என்று எழுதிவிட்டு 158-ஐ நிறுத்தி வைத்தவர்களிடம் கேட்க வேண்டும். தனிமனிதரின் துணிச்சல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேலே இருப்பவர்கள் செய்யாமல் விட்ட வேலையை அது ஈடுகட்டாது. ஒருவர் வீரராக வேண்டிய நிலை வந்தது என்றால், அதற்கு முன்பே பலர் தங்கள் கடமையில் தவறியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனாலும் அந்த மாலையின் கடைசிச் சில நிமிடங்களைக் கணக்கில் அடக்க முடியாது. சிங்கோராவில் வீசிய குண்டுகள் போரின் போக்கை மாற்றவில்லை. வயலில் இறங்கிய அந்த இறக்கம் இரண்டு உயிர்களைக் காத்தது. பார்க்காமலே பிடிகளைத் தேடிப் பழகிய கை, உடல் ஒத்துழைக்காதபோதும் வேலை செய்தது. தாங்கிப் பிடித்த இரண்டு பேரும், மூவர் ஒரு குழு என்று ஆண்டுக்கணக்கில் கற்றதைத்தான் செய்தார்கள். பயிற்சி என்பது சலிப்பூட்டும் மறுபடி மறுபடி. அதன் மதிப்பு தெரியும் நாள் எப்போது வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டம் புக்கிட் லாருட் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான கற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. நம் நாட்டைக் காக்க வந்த இந்திய வீரர்களும் அங்கே இருக்கிறார்கள். பெயருள்ள கற்களில் ஒன்று ஸ்கார்ஃபுடையது. ஏரித் தோட்டத்துக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பேருந்துகள் இன்னும் ஒரு கிலோமீட்டர் சுற்றுத் தூரம் போனால் அந்தத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.